செக்-இன் டேட்டாவில் மக்களின் அன்றாடப் போக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் முதுகலைப் புள்ளியியல் படிக்கிறீர்கள். ப்ராஜெக்டுக்காக, ‘இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று பயனர்கள் பதிவிடும் (அதுதான் செக்-இன்) ஃபோர்ஸ்கொயர் ஆப்பின் நியூயார்க், டோக்கியோ தொகுப்பை இறக்கி, யார் எந்த வகை இடத்துக்கு எத்தனை முறை போனார் என்று அட்டவணை போட்டு, ஒரே மாதிரி ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் அல்காரிதத்தை ஓட்டியிருக்கிறீர்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே குழுவில் விழுந்துவிட்டார்கள். மீதிக் குழுக்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. வேறு அல்காரிதம் வேண்டுமா, இதையே புதுச்சேரி, கடலூர் பக்கம் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அல்காரிதத்தை இப்போதைக்கு விடுங்கள், அட்டவணையைத்தான் மாற்ற வேண்டும். கே-மீன்ஸ் ஒருவரின் எண்களுக்கும் இன்னொருவரின் எண்களுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் பிரிக்கிறது. எண்ணிக்கையை அப்படியே கொடுத்தால், ஆயிரம் முறை செக்-இன் போட்டவரும் நூறு முறை போட்டவரும் ஒரே மாதிரி வாழ்கிறவர்களாக இருந்தாலும் எட்ட எட்டத்தான் நிற்பார்கள். நூறு முறை போட்ட மாணவரும் நூறு முறை போட்ட வங்கி ஊழியரும் பக்கத்தில் வந்துவிடுவார்கள். ஆக உங்களுக்குக் கிடைத்த குழுக்கள் ‘அதிகம் அழுத்துகிறவர், நடுத்தரமாக அழுத்துகிறவர், எப்போதாவது அழுத்துகிறவர்’ என்பதுதான். ஒவ்வொருவரின் வரிசையையும் அவருடைய மொத்தத்தால் வகுத்து விகிதமாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், படமே மாறும்.

ஆனால் அது முதல் படி மட்டுமே. இந்த வகை டேட்டாவில் எல்லா முடிவையும் ஆட்டிவைக்கிற விஷயம் வேறு. செக்-இன் என்பது ஒருவர் தானாகப் பொத்தானை அழுத்திச் சொன்ன சேதி. செல்போன் டவர் பதிவு அப்படிக் கிடையாது, பேசினாலோ மெசேஜ் அனுப்பினாலோ அது தானாக விழுந்துவிடும். செக்-இன்னில் மனிதர் தேர்ந்தெடுக்கிறார். புதுத் துணிக்கடை, சினிமா, கடற்கரை, ஏர்போர்ட் என்றால் அழுத்துவார். ரேஷன் கடை, மீன் மார்க்கெட், டாக்டர் கிளினிக், பிள்ளையை விடப் போன பள்ளிக்கூட வாசல் என்றால் அழுத்த மாட்டார். அதனால் நீங்கள் கண்டுபிடிக்கிற போக்கில் பாதி, மக்கள் எங்கே போகிறார்கள் என்பது. மீதிப் பாதி, எதைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறார்கள் என்பது. இரண்டையும் பிரித்துக் காட்டினால்தான் ப்ராஜெக்டுக்கு மதிப்பு.

உங்கள் தொகுப்பிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2012 ஏப்ரல் 12 முதல் 2013 பிப்ரவரி 16 வரை, ஏறக்குறைய 10 மாதம். நியூயார்க்கில் 1,083 பேர், 2,27,428 செக்-இன். ஆளுக்குச் சராசரியாக 210. டோக்கியோவில் 2,293 பேர், 5,73,703 செக்-இன். ஆளுக்கு 250. பத்து மாதம் என்றால் முந்நூறு நாளுக்கு மேல். அதாவது ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு முறைகூட அழுத்தவில்லை! இதை வைத்துக்கொண்டு ‘காலையில் வீடு, பிறகு அலுவலகம், மாலையில் ஜிம், இரவு வீடு’ என்று ஒரு நாளின் சங்கிலியை எடுக்கப் பார்த்தால் பெரும்பாலான நாட்கள் வெற்றாகவோ ஒற்றைப் புள்ளியாகவோதான் இருக்கும். 2013-ல் வந்த ஓர் ஆய்வு, மக்களின் ஒரு நாள் நடமாட்டத்தை 17 வகைச் சங்கிலிகளுக்குள் அடக்கிவிடலாம், 90 சதவீதம் பேர் வரை அதில் வந்துவிடுவார்கள் என்று காட்டியது. அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் செக்-இன்னிலும் அதையே தேடுகிறார்கள். அந்த ஆய்வுக்குப் பயண சர்வேயும் செல்போன் பதிவும் இருந்தன, நாள் முழுக்கத் தெரிந்தது. உங்களிடம் அது இல்லை.

அதனால் ஒற்றை நாளை விட்டுவிட்டு, ஒருவரின் பல வாரங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவித்து ஒரே ‘சராசரி வாரம்’ ஆக்குங்கள். அதற்கும் முன்னால் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்தத் தொகுப்பில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் வித்தியாசம் நிமிடக் கணக்கில் தனி நெடுவரிசையாக இருக்கும். டோக்கியோவுக்கு 540. நியூயார்க்குக்குக் கோடையில் மைனஸ் 240, குளிர்காலத்தில் மைனஸ் 300. கூட்ட மறந்தால் டோக்கியோ காலை 8 மணி, முந்தைய நாள் இரவு 11 ஆகிவிடும், திங்கள் ஞாயிறாகிவிடும். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. டோக்கியோவில் அதிகமாகச் செக்-இன் விழுந்த வகை ரயில் நிலையம். அதை மட்டும் எடுத்து மணிவாரியாக ஒரு படம் போடுங்கள். காலையில் ஒரு மேடு, மாலையில் ஒரு மேடு தெரிய வேண்டும். மேடு நள்ளிரவை ஒட்டியும் காலை 10 மணிவாக்கிலும் தெரிந்தால் நேரத்தை மாற்றவில்லை என்று அர்த்தம். கோவால்லா என்ற இன்னொரு செக்-இன் சேவையின் தொகுப்பை எடுக்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம், அதில் இடத்தின் வகையும் கிடையாது, நேர வித்தியாசமும் கிடையாது. அட்சரேகை தீர்க்கரேகையிலிருந்து நீங்களேதான் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது அட்டவணை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஃபோர்ஸ்கொயரில் இட வகைகள் நூற்றுக்கணக்கில். இரண்டையும் பெருக்கினால் வரும் பல்லாயிரம் கட்டங்களில் ஆளுக்கு 210 புள்ளியைத் தூவினால் ஒன்றும் தேறாது. நேரத்தை வார நாள், விடுமுறை நாள் என்று இரண்டாகவும், ஒவ்வொன்றையும் அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று ஐந்தாகவும் பிரியுங்கள். இடங்களைப் பத்துப் பன்னிரண்டு வகைக்குள் கொண்டுவாருங்கள். இதை ஃபோர்ஸ்கொயரின் மேல்மட்டத் தலைப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். கடலூர் முதுநகரில் காலை 5 மணி டீக்கடையும், ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குப் புதுச்சேரி ஒயிட் டவுனில் திறந்திருக்கும் கஃபேயும் அந்தத் தலைப்பில் ‘உணவு’தான். முதலாவது துறைமுக வேலையோடு சேர்ந்தது. இரண்டாவது பொழுதுபோக்கு. எது எதோடு சேரும் என்பது ஊர் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டியது, அதை எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிவைப்பதும் முக்கியம்.

இந்த அட்டவணையிலிருந்து போக்குகளைப் பிரித்தெடுக்க நான் சொல்வது எல்டிஏ என்ற முறை, அல்லது எதிர்ம எண் இல்லாத அணிப் பிரிப்பான என்எம்எஃப். எல்டிஏ 2003-ல் ப்ளெய், இங், ஜோர்டான் மூவரும் கட்டுரைகளில் தலைப்பு கண்டுபிடிக்கக் கொண்டுவந்தது. 2014-ல் ஹசன், உக்குசுரி இருவரும் அதையே செக்-இன்னுக்குத் திருப்பினார்கள். ஒரு பயனர்தான் ஒரு கட்டுரை. ‘வார நாள்–காலை–பஸ் நிலையம்’ என்பது ஒரு சொல். அடிக்கடி ஒரே ஆட்களிடம் சேர்ந்து வருகிற சொற்களின் கூட்டம் ஒரு போக்கு. இதில் எனக்குப் பிடித்தது, ஆளை ஒரே குழுவில் அடைக்காது என்பது. ஒருவர் 60 சதவீதம் ‘வேலைக்குப் போய் வருகிறவர்’, 30 சதவீதம் ‘வாரக் கடைசியில் கோயில் குளம்’, மீதி வேறு ஏதோ. மனிதர்கள் அப்படித்தானே இருக்கிறார்கள்?

கையில் எடுத்துப் பார்க்க ஒரு கற்பனைப் பயனரை வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் திங்கள் காலை 8.05, கடலூர் பஸ் நிலையம். அதே வாரம் வியாழன் மதியம் 1.10, புதுச்சேரி நேரு வீதியில் ஒரு ஹோட்டல். அடுத்த வாரம் செவ்வாய் மாலை 6.40, புதுச்சேரி கடற்கரைச் சாலை. வெள்ளி காலை 8.10, மறுபடி கடலூர் பஸ் நிலையம். அப்புறம் ஒரு ஞாயிறு காலை திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில், இன்னொரு ஞாயிறு மாலை சில்வர் பீச். எந்த ஒரு நாளும் முழுதாக இல்லை. ஆனால் குவித்துப் பார்த்தால் ஆள் தெரிகிறார்: கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை, பஸ்ஸில் போக்குவரத்து. வேலை செய்கிற இடத்தில் ஒரு முறைகூட அவர் செக்-இன் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அதே ஆளைப் புதுச்சேரி எல்லையோடு வெட்டிய டேட்டாவில் பாருங்கள். மிஞ்சுவது இரண்டே புள்ளி: ஒரு ஹோட்டல், கடற்கரைச் சாலை. அச்சாக ஒரு சுற்றுலாப் பயணி! தினமும் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் வந்துபோகிற ஒருவரை உங்கள் மாடல் சென்னையிலிருந்து வந்தவரோடு சேர்த்துவிடும். நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த எல்லைதான். மாநில எல்லை இங்கே வாழ்க்கையின் எல்லை கிடையாது. பாகூர், வில்லியனூர் பக்கமெல்லாம் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கின்றன. வரைபடத்தில் ‘புதுச்சேரி’ என்ற பெயரைக் கொடுத்துச் செவ்வகம் எடுத்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். காரைக்காலும், கேரளக் கரையில் உள்ள மாஹேயும், ஆந்திரத்தில் உள்ள ஏனாமும் அதே யூனியன் பிரதேசம் என்பதால், செவ்வகம் தென்னிந்தியாவில் பாதியை வளைத்துவிடும். காலாப்பட்டிலிருந்து கடலூர் சிப்காட் வரை நீங்களே கையால் ஒரு எல்லை வரையுங்கள், அது போதும்.

வெளியூர்க்காரரைப் பிரிக்காமல் புதுச்சேரியில் எதையும் சொல்ல முடியாது. வார இறுதியில் சென்னை, பெங்களூரு ஆட்கள் வந்து குவிகிற ஊர். அவர்கள்தான் அதிகம் அழுத்துகிறவர்களும். பிரிக்காமல் ஓட்டினால் முதல் போக்காக வருவது ‘சனி மாலை கடற்கரைச் சாலை, இரவு உணவகம், ஞாயிறு ஆரோவில், சண்டே மார்க்கெட்’ என்பதாக இருக்கும். அதைப் ‘புதுச்சேரி மக்களின் வாழ்க்கை’ என்று எழுதினால் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எரிக் ஃபிஷர் 2010-ல் ஃப்ளிக்கர் புகைப்படங்களை வைத்து உள்ளூர்க்காரர், சுற்றுலாப் பயணி வரைபடங்கள் போட்டபோது ஓர் எளிய விதி வைத்தார். ஒரே ஊரில் ஒரு மாதமோ அதற்கு மேலோ படம் எடுத்துக்கொண்டே இருந்தால் உள்ளூர். ஒரு மாதத்துக்குக் குறைவாக இருந்து, வேறொரு ஊரில் உள்ளூர்க்காரராகத் தெரிந்தால் பயணி. உங்களுக்கும் இந்த விதி போதும். முதல் செக்-இன்னுக்கும் கடைசிச் செக்-இன்னுக்கும் இடையில் எத்தனை நாள் என்று பாருங்கள்.

நாட்காட்டியிலும் அதே எல்லைத் தகராறு உண்டு. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள். இரண்டும் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் வேலை நாள். நம் கற்பனைப் பயனர் அன்று வீட்டில் இருப்பார், அவர் பிள்ளை பள்ளிக்குப் போகும். அதனால் விடுமுறைக் குறியை ஆள் வேலை செய்கிற இடத்தை வைத்துப் போடுங்கள். அப்புறம், மாசி மகத்தன்று வைத்திக்குப்பமும் தேவனாம்பட்டினமும் கொள்கிற கூட்டத்தை வழக்கமான போக்கோடு கலக்காதீர்கள், தனியாக எடுத்துவையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் அதிகாலைப் புள்ளிகள் அப்போது குறைந்தால் டேட்டா விடுபட்டதாக நினைத்து நிரப்பிவிடாதீர்கள். உங்கள் நியூயார்க் தொகுப்பிலும் இப்படி ஒரு வாரம் இருக்கிறது. 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் தாக்கியது, சுரங்க ரயில் நின்றது. 2011 டிசம்பர் 30 தானே புயலை நேரில் பார்த்த நமக்கு இது சுலபமாகப் புரியும். கரண்டும் டவரும் போன ஊரில் டேட்டா மௌனமாக இருந்தால் மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

நெருக்கமான புள்ளிகளைக் கொத்தாக்கும் டிபிஸ்கேன் முறை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஃபோர்ஸ்கொயர் தொகுப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஐடி இருப்பதால் அது தேவையே இல்லை. வெறும் ஜிபிஎஸ் புள்ளி கையில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதும் ஒயிட் டவுன் மாதிரி நெருக்கமான தெருக்களில் 500 மீட்டர் ஆரம் வைத்தால் கடற்கரைச் சாலை, பாரதி பூங்கா, மணக்குள விநாயகர் கோயில் மூன்றும் ஒரே கொத்தாகிவிடும். 50 மீட்டரிலிருந்து தொடங்குங்கள். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் தூரம் என்றால் கோணத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும், தேடும் ஆரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, பூமியின் ஆரமான 6,371-ஆல் வகுக்க வேண்டும். கிலோமீட்டரை வகுக்காமல் அப்படியே போட்டுவிட்டு ‘ஊரே ஒரே கொத்தாக வருகிறது’ என்று வந்து நிற்கிறவர்கள் நிறைய.

வந்த போக்கு நிஜமா என்று பார்க்க நான் வற்புறுத்துவது இரண்டு சோதனை. ஒன்று, ஒவ்வொரு பயனரின் நேரங்களையும் அவருக்குள்ளேயே கலைத்துப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். போன இடங்கள் அதே, நேரம் மட்டும் தாறுமாறு. அப்போதும் ‘காலை ரயில், மாலை மதுக்கூடம்’ என்ற போக்கு அதே பலத்தோடு வந்தால் அது உங்கள் முறையின் மாயை. இரண்டு, முதல் ஏழு மாதத்தில் கற்று மீதி மூன்று மாதத்தில் சோதியுங்கள். ஒப்பிட ஒரு எளிய யூகம் வையுங்கள்: இந்த ஆள் இந்த நேரத்தில் வழக்கமாக எங்கே இருப்பாரோ அங்கேதான் இருப்பார். இதைத் தோற்கடிப்பது லேசு இல்லை. 2011-ல் சோ, மையர்ஸ், லெஸ்கோவெக் மூவரும் கோவால்லா, பிரைட்கைட் ஆகிய செக்-இன் சேவைகள், செல்போன் பதிவு மூன்றையும் பார்த்து, நடமாட்டத்தில் 50 முதல் 70 சதவீதம் திரும்பத் திரும்ப வரும் பழக்கத்தாலும், 10 முதல் 30 சதவீதம் நண்பர் உறவாலும் விளக்கப்படும் என்றார்கள். பழக்கம் அவ்வளவு கனமானது.

‘மனித நடமாட்டத்தில் 93 சதவீதம் முன்கூட்டிச் சொல்லக்கூடியது’ என்ற வரியை முன்னுரையில் வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள், அல்லது முழுதாக எழுதுங்கள். 2010-ல் வந்த அந்த முடிவு 50,000 பேரின் செல்போன் பதிவிலிருந்து எடுத்தது. எட்டக்கூடிய உச்ச வரம்பைத்தான் சொல்கிறது, எந்த மாடலும் எட்டிய துல்லியத்தை அல்ல. செக்-இன்னுக்கு அந்த எண் செல்லாது.

அப்புறம் நம் ஊர் டேட்டா. இங்கே செக்-இன் போடும் பழக்கம் குறைவு, 2014-ல் ஃபோர்ஸ்கொயர் அந்த வசதியை ஸ்வார்ம் என்ற தனி ஆப்புக்கு மாற்றிய பிறகு இன்னும் குறைவு. ஜிப்மருக்குக் காட்ட வருகிற நோயாளியும், சிப்காட் ஷிஃப்ட் தொழிலாளியும், பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிற அம்மாவும் எந்தத் தொகுப்பிலும் வர மாட்டார்கள். பஸ் எப்போது விட வேண்டும், எங்கே நிழற்குடை வேண்டும் என்று முடிவு செய்ய இப்படிப்பட்ட ஆய்வைக் காட்டுகிற காலம் இது. டேட்டாவில் இல்லாதவர்களுக்கு பஸ்ஸும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. அதனால் நீங்கள் சேகரிக்கப் போவதாக இருந்தால், ஆப்பை நம்பாமல், சம்மதிக்கிற முப்பது நாற்பது பேரிடம் இரண்டு வாரம் நாட்குறிப்பு வாங்குங்கள். கல்லூரி நண்பர்களோடு நிறுத்தாமல் சந்தை, தொழிற்பேட்டை, மீனவர் குப்பம் என்று போய்க் கேளுங்கள். நேரப் பகுதியும் இட வகையும் போதும், அட்சரேகை தீர்க்கரேகை வேண்டவே வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், 2013-ல் டி மொன்ட்ஜோயும் சகாக்களும் 15 லட்சம் பேரின் 15 மாதச் செல்போன் பதிவைப் பார்த்தார்கள். இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளி தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள். இடத்தையும் நேரத்தையும் மொத்தமாக்கி மங்கலாக்கினாலும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. 15 லட்சம் பேருக்கு நடுவிலேயே அப்படி என்றால் நம் ஊரில் சொல்லவே வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் வீடு, கோரிமேட்டில் வேலை, வெள்ளிக்கிழமை மாலை பாடலீஸ்வரர் கோயில் என்று எழுதினால் பெயர் போடாமலே தெருவில் உள்ளவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நியூயார்க் தொகுப்பில் ‘வீடு’ என்றே ஒரு வகை இருக்கிறது. அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் போட வேண்டாம், பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனியாக விவரிக்கவும் வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது, சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

கடைசியாக, குழுவுக்குப் பெயர் வைப்பது. ‘அலுவலக ஊழியர்’, ‘இல்லத்தரசி’, ‘மாணவர்’ என்று வைக்காதீர்கள், அந்த விவரம் உங்கள் டேட்டாவில் எங்கும் இல்லை. கண்ணால் பார்த்ததையே பெயராக வையுங்கள்: ‘வார நாள் காலை ரயில், மதியம் உணவகம்’, ‘விடுமுறை மாலை பூங்கா’. அடுத்த பத்தியில் அந்தப் போக்கின் முதல் பத்துச் சொற்களையும் அவற்றின் எடையையும் அப்படியே அச்சிடுங்கள். மாடல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் விதை எண்ணை (seed) மாற்றி ஐந்தாறு முறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வருகிற போக்குகளை மட்டும் அறிக்கையில் சேர்த்து, வந்து வந்து மறைகிறவற்றை விட்டுவிடுங்கள். ஆறேழு மிஞ்சினால் உங்கள் ப்ராஜெக்டுக்கு அது தாராளம்.